ஒரே சம்பளத்தில் வீடு, கார், நான்கு பிள்ளைகள்: 1950களின் அமெரிக்கக் குடும்பம் நிஜம்தானா?

கேள்வி இதுதான். "எங்கள் தாத்தா சாதாரணத் தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் ஒருவர் சம்பளத்திலேயே சொந்த வீடு, கார், நான்கு பிள்ளைகள் என்று குடும்பம் ஓடியது. பாட்டி வீட்டோடு இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இன்று இரண்டு பேர் உழைத்தும் எங்களால் முடியவில்லை" என்று அமெரிக்கர்கள் பலர் ஏக்கத்தோடு சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த அந்தக் காலம் உண்மையிலேயே அப்படி இருந்ததா? அந்தக் குடும்ப வாழ்க்கை திரும்ப வருமா?

இந்த ஏக்கத்தை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இழந்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லும் பாதுகாப்பு நிஜமாகவே இருந்தது, நிஜமாகவே போய்விட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் நினைவு தடுமாறுகிறது. அப்பா சம்பாதித்து, அம்மா வீட்டில் இருந்து, எல்லோரும் கட்டுப்பாட்டோடு வாழ்ந்ததால் செழிப்பு வந்தது என்று நம்புகிறார்கள். நடந்தது தலைகீழ். செழிப்பு முதலில் வந்தது. அது இருந்ததால் அப்படி ஒரு குடும்பத்தைச் சில காலம் நடத்த முடிந்தது. அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது குடும்ப ஆல்பத்தில் இல்லை.

முதலில் அந்தத் தலைமுறையின் வயதைப் பார்க்க வேண்டும். 1920இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பங்குச் சந்தை சரிந்தபோது 9 வயது. பள்ளிக் காலம் முழுக்கப் பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவில் போயிற்று. 1941இல் நாடு போருக்குள் போனபோது 21 வயது. அவளுடைய வாழ்க்கையில் பணக்கவலையும் மரணபயமும் இல்லாத முதல் சில ஆண்டுகள் 1946க்குப் பிறகுதான் வந்தன. அவர்கள் கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் வீட்டுக்கும் அவ்வளவு அவசரப்பட்டது இதனால்தான். 1956இல் பெண்களின் முதல் திருமண வயதின் இடைநிலை ஏறத்தாழ 20. ஆண்களுக்கு 22.5. 1957இல் மட்டும் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் 7 கோடியே 60 லட்சம் பேர்.

இந்த அவசரத்துக்கு அரசு தோள் கொடுத்தது. 1944 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், மக்கள் வாயில் ஜி.ஐ. பில், போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவைக் கொடுத்தது, வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 1956க்குள் ஏறத்தாழ 78 லட்சம் முன்னாள் படைவீரர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். முன்பணம் ஒரு டாலர்கூட இல்லாமல் வீடு வாங்க முடிந்தது. நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947இல் லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு எழும்பியது. நான்கைந்து ஆண்டுகளில் 17,000க்கும் மேல் வீடுகள். 1949இல் அங்கே ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். சுமார் 800 சதுர அடி, இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை. இன்று ஏங்குகிறவர்கள் மனதில் காணும் 'தாத்தாவின் வீடு' பெரும்பாலும் இவ்வளவுதான். நான்கு பிள்ளைகளும் இரண்டு அறைகளில்தான் படுத்தார்கள்.

சம்பளமும் ஏறியது. 1950களின் நடுவில் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 1950இல் ஜெனரல் மோட்டார்ஸும் வாகனத் தொழிலாளர் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டன. விலைவாசி ஏறினால் கூலியும் ஏறும், ஓய்வூதியம் உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு. மற்றப் பெரிய ஆலைகளும் அந்த வழியில் போயின. 1956இல் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டம் வந்தது, செலவில் 90 சதவீதம் மத்திய அரசினுடையது. புறநகரில் வீடு, நகரத்தில் வேலை என்ற வாழ்க்கை அந்தச் சாலைகளின் மேல்தான் ஓடியது. மேல்தட்டு வருமானத்துக்கு உச்ச வரிவிகிதம் 1951 முதல் அந்தப் பத்தாண்டு முடியும் வரை 91 சதவீதம் அல்லது அதற்கும் மேல். 1947க்கும் 1973க்கும் இடையில், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும், நடுமட்டக் குடும்பத்தின் வருமானம் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று.

"யார் தயவும் இல்லாமல் சொந்தக் காலில் நின்ற குடும்பங்கள்" என்று அவர்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அவர்கள் கடுமையாக உழைத்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. அவர்களுடைய பெற்றோரும் அதே அளவு உழைத்தவர்கள்தான், ஆனால் 1935இல் அந்த உழைப்புக்கு வீடு கிடைக்கவில்லை. இரண்டு தலைமுறைக்கும் நடுவில் மாறியது கடன் விதியும் கூலி ஒப்பந்தமும் அரசின் செலவும். சொந்த வீடு வைத்திருந்த குடும்பங்கள் 1940இல் 44 சதவீதம், 1960இல் 62 சதவீதம். ஒழுக்கம் இருபது ஆண்டுகளில் அப்படி ஏறிவிடாது.

இன்னொன்று. இதைப் 'பாரம்பரியக் குடும்பம்' என்று சொல்வது சரியே இல்லை. 1890இல் ஆண்களின் திருமண வயது இடைநிலையில் 26, பெண்களுக்கு 22. அதாவது 1950களில் மணம் செய்தவர்கள் தங்கள் பாட்டன் பாட்டியைவிடச் சின்ன வயதில் செய்துகொண்டார்கள். பல பத்தாண்டுகளாகக் குறைந்துவந்த பிறப்பு விகிதம் திடீரென்று மேலே போயிற்று. போர் முடிந்த 1946இல் உச்சத்தைத் தொட்ட விவாகரத்து, பிறகு இறங்கி 1950களில் தாழ்வாகவே கிடந்தது. எல்லாக் கோடுகளும் பதினைந்து ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக வளைந்து, பிறகு பழைய திசைக்கே திரும்பின. அந்தப் பதினைந்து ஆண்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றக் காலங்களை எல்லாம் சீரழிவு என்கிறோம். தாத்தா பாட்டி, அத்தை, சித்தப்பா என்று சேர்ந்தோ பக்கத்திலோ வாழ்ந்த பழைய ஏற்பாட்டைக் கலைத்ததும் இந்தப் புறநகர் வீடுதான்.

பதின்வயதுப் பிரசவம் இன்றுதான் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அதன் உச்சம் 1957: 15 முதல் 19 வயது வரையுள்ள 1,000 பெண்களுக்கு 96 பிரசவம். பெரும்பாலானவர்கள் மணமானவர்கள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகு அவசரமாக நடந்த கல்யாணங்களும் அதில் ஏராளம். கல்யாணம் நடக்காத பெண்ணை வேறு ஊரில் ஒரு விடுதிக்கு அனுப்புவார்கள். அங்கே பிரசவம் ஆகும், குழந்தை தத்துப் போகும், பெண் வெறுங்கையோடு திரும்புவாள், யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. அந்தப் பெண்களில் பலர் முதுமையில்தான் வாய் திறந்தார்கள்.

சரி, அந்த வீட்டுக்குள் யாரெல்லாம் நுழைய முடிந்தது? லெவிட்டவுன் ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நடைமுறை மாறவில்லை. 1960 கணக்கெடுப்பில் லாங் ஐலண்டின் லெவிட்டவுனில் 65,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், அவர்களில் கறுப்பினத்தவர் 57 பேர். பென்சில்வேனியாவில் எழும்பிய இன்னொரு லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் முதல் கறுப்பினக் குடும்பமாக பில் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் தம்பதி குடியேறினார்கள். வீட்டின் முன்னால் கூட்டம் கூடியது, கல் பறந்தது, வாரக்கணக்கில் தொந்தரவு நடந்தது. பில் மையர்ஸ் போரில் பணியாற்றியவர். கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள்.

ஜி.ஐ. பில் எழுத்தில் எந்த இனத்தையும் விலக்கவில்லை. ஆனால் கடனைக் கொடுக்க வேண்டியது உள்ளூர் வங்கி. 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அரசு உத்தரவாதத்தோடு கொடுக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினப் படைவீரர்களுக்குப் போனது இரண்டு. வீட்டுக்கடனுக்குக் காப்பீடு தந்த அரசு அமைப்பே கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று வரைபடத்தில் ஒதுக்கிவைத்தது. அந்த 7,990 டாலர் வீடு பின்னாளில் பல மடங்கு விலையேறியது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கும் முதுமைக்கும் அதுதான் கைகொடுத்தது. ஒரே போரில் இருந்து திரும்பிய இரண்டு சிப்பாய்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் சொத்தில் உள்ள இடைவெளியின் ஒரு பெரிய பங்கு அங்கேதான் தொடங்கியது. கறுப்பினத் தாய்மார்களில் பலருக்கு வீட்டோடு இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் இன்னொருவர் வீட்டுச் சமையலறையில் நின்றார்கள். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுவேலை செய்பவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. 1950களில்தான் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

வெள்ளையர்களிலும் எல்லோருக்கும் அந்த வாழ்க்கை இல்லை. 1959இல் அமெரிக்கர்களில் 22 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே, குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல். 1950இல் மூன்றில் ஒரு வீட்டில் குழாய்நீர், குளியல், கழிப்பறை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றாவது குறைந்தது.

இப்போது அம்மாவுக்கு வருவோம். இந்த ஏக்கத்தின் நடுவில் இருப்பவர் அவர்தான், அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை. 1950களின் குடும்பம் எவ்வளவு இனிமை என்று இன்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அப்போது குழந்தைகள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி விட்டு வந்தால் அம்மா இருப்பாள், சாப்பாடு இருக்கும், சாயங்காலம் முழுக்கத் தெருவில் விளையாட்டு. அந்த நினைவு பொய்யே இல்லை. ஆனால் குழந்தைப் பருவம் இனிமையாக இருந்ததற்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தி நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தாள், அவளுடைய நாள் எப்படிப் போனது என்று பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. ஏழரைக் கோடிப் பேரின் பால்யகால நினைவு ஒரு நாட்டின் வரலாறாக மாறிவிட்டது. பெற்றவர்களின் நினைவு அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை.

போர்க்காலத்தில் லட்சக்கணக்கான பெண்கள் விமானத் தொழிற்சாலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை செய்தார்கள். அவர்களுக்காக மத்திய அரசு குழந்தைக் காப்பகங்களை நடத்தியது. 1946இல் அந்தப் பணத்தை நிறுத்தினார்கள், பெரும்பாலானவை மூடப்பட்டன. திரும்பி வந்த ஆண்களுக்கு வேலை வேண்டும் என்று பெண்களை வெளியே அனுப்பினார்கள். விருப்பத்தோடு வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர். வேலையை விட மனமில்லாதவர்களும் நிறையப் பேர்.

வீட்டில் வாஷிங் மெஷினும் வாக்குவம் கிளீனரும் வந்தன. வேலை குறைந்திருக்க வேண்டுமே? 1970களில் வந்த சமூகவியலாளர் ஜோன் வானெக்கின் ஆய்வு, வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்கு 52 மணி நேரமும் 1960களில் 55 மணி நேரமும் வீட்டுவேலை செய்ததாகக் காட்டியது. இயந்திரம் வந்ததும் சுத்தத்தின் அளவுகோல் ஏறியது. கூடமாட உதவிய உறவினர்களும் வேலைக்காரர்களும் இல்லாமல் போனார்கள். புறநகரில் பஸ் கிடையாது, கார் கணவரிடம். 1955இல் மில்டவுன் என்ற மனப்பதற்ற மாத்திரை சந்தைக்கு வந்து சில ஆண்டுகளில் கோடிக்கணக்கான மருந்துச் சீட்டுகளில் எழுதப்பட்டது. 1957இல் தன்னோடு கல்லூரியில் படித்த பெண்களிடம் எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டபோது, வசதியான வீட்டில் இருந்தபடியே மூச்சுமுட்டுகிறது என்ற குரல் திரும்பத் திரும்ப வந்தது. 1963இல் அதைப் புத்தகமாக எழுதியபோது நாடு முழுவதிலிருந்தும் பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

சட்டம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்வதை எந்த மாநிலமும் குற்றமாகக் கருதவில்லை. 50 மாநிலங்களிலும் அது குற்றமாக 1993 ஆயிற்று. கருத்தடை மாத்திரைக்கு அனுமதி 1960இல் கிடைத்தது, ஆனால் மணமான தம்பதிகள்கூடக் கருத்தடை பயன்படுத்தக் கூடாது என்ற கனெக்டிகட் மாநிலச் சட்டம் 1965 வரை செல்லுபடியாக இருந்தது. மணமான பெண் தன் பெயரில் கடன் கேட்டால் கணவர் கையெழுத்து வேண்டும் என்று சொல்வது 1974இல்தான் சட்டவிரோதம் ஆனது. விவாகரத்துக்கு மற்றவர் மேல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். அதைத் தேவையில்லாமல் ஆக்கிய முதல் மாநிலம் கலிபோர்னியா, 1970இல். விவாகரத்து குறைவாக இருந்ததைக் குடும்ப மகிழ்ச்சிக்குச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள் இந்தப் பூட்டுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடி வாங்கிய பெண்ணுக்குப் போக இடம் இல்லை, தங்குமிடங்கள் 1970களில்தான் வரத் தொடங்கின. குழந்தைகள் மீதான வன்முறையை மருத்துவர்களின் கவனத்துக்கு அழுத்தமாகக் கொண்டுவந்த ஹென்றி கெம்ப்பின் கட்டுரை 1962இல் வெளியானது. அதற்கு முன் அந்த எலும்பு முறிவுகள் இல்லாமல் இல்லை.

அப்பாக்களும் பாவம்தான். போரில் கண்டதைப் பேச யாரும் இல்லை. அந்த மனக்காயம் உளமருத்துவக் கையேட்டில் தனி நோயாக ஏறியது 1980இல். குடியும் திடீர்க் கோபமும் நள்ளிரவு அலறலுமாக அது வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

'ஒரே சம்பளம்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். வேலைக்குப் போன மணமான பெண்களின் பங்கு 1950இல் ஏறத்தாழ நான்கில் ஒன்று, 1960இல் மூன்றில் ஒன்றை நெருங்கியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கடையிலும் அலுவலகத்திலும் அரைநாள் வேலை. ஃபிரிட்ஜின் தவணை, இரண்டாவது கார், பிள்ளையின் கல்லூரிக்கு ஒதுக்கிய பணம் எல்லாம் பல வீடுகளில் அதிலிருந்து வந்தவை. பேரன்களின் கதையில் அந்தச் சம்பளம் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

படமாக மனதில் பதிந்ததற்குத் தொலைக்காட்சி ஒரு பெரிய காரணம். 1950இல் பத்தில் ஒரு வீட்டில்கூட இல்லை, 1960இல் பத்தில் ஒன்பது வீடுகளை நெருங்கியது. 'லீவ் இட் டு பீவர்' மாதிரியான தொடர்களில் அம்மா முத்துமாலையோடு சமைத்தார், அப்பா அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவைத்தார். அந்தத் தொடர்கள் பிறகு பல பத்தாண்டுகள் மறுஒளிபரப்பில் ஓடின. அந்தக் காலத்தில் பிறக்காதவர்களுக்கும் அது சொந்த நினைவு போல ஆயிற்று. அந்தக் காலத்து மனிதர்களோ தங்கள் காலத்தைப் பொற்காலமாக நினைக்கவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், காமிக்ஸ் புத்தகங்கள் கெடுக்கின்றன என்று 1954இல் செனட் குழு விசாரணையே நடத்தினார்கள். ஏக்கம் பெரிய அலையாக எழுந்தது 1970களில். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது, கூலி உயர்வு நின்றுபோனது, ஆலைகள் மூடத் தொடங்கின. கையில் இருந்தது போனபோது, கூடவே மாறிக்கொண்டிருந்த குடும்பத்தின் மேல் பழி விழுந்தது.

இன்றைய பெற்றோருக்குப் பிள்ளைகளோடு நேரமே இல்லை என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வார்த்தை. நேரப் பயன்பாட்டு ஆய்வுகளின்படி 1965இல் அமெரிக்கத் தந்தை வாரத்துக்கு 2.5 மணி நேரம் பிள்ளைகளைக் கவனித்தார், 2010களில் 7 மணி நேரத்துக்கும் மேல். தாய்மார்களுக்கும் அது சுமார் 10 மணியிலிருந்து 14 மணி ஆகியிருக்கிறது. நிஜமாகக் குறைந்தது வேறு: பெரியவர்கள் கண்காணிப்பு இல்லாமல் பிள்ளைகள் கூடி விளையாடிய மணிகள். அந்த ஒன்றுக்காக ஏங்குகிறவர்களோடு நானும் ஏங்குகிறேன்.

திரும்ப வருமா என்றால், ஒரு பகுதியைக் கொண்டுவர முடியும். கட்டுப்படியாகும் வீடு, பேரம் பேசும் பலமுள்ள சங்கம், முதுமைக்கு உத்தரவாதம் எல்லாம் சட்டத்தால் வந்தவை, சட்டத்தால் மறுபடி வரக்கூடியவை. இந்த முறை எல்லா இனத்தவருக்கும் சேர்த்து. மனைவி கணவரைச் சார்ந்தே இருக்க வேண்டும் என்ற பகுதி வராது, வரவும் கூடாது. சிக்கல் என்னவென்றால், இரண்டாவதைத் திரும்பக் கொண்டுவரும் ஆசை முதலாவதற்குத் தடையாகிவிடுகிறது. 1971இல் நாடு முழுவதும் வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்தில் குழந்தைக் காப்பகங்கள் அமைக்கும் மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. அப்போதே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் அதிபர் நிக்சன் அதைத் தடுத்தார். குடும்பத்தை மையமாகக் கொண்ட வளர்ப்பை விட்டுக் கூட்டு வளர்ப்பின் பக்கம் அரசு சாய்ந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதற்குப் பிறகு அந்த அளவிலான திட்டம் இன்றுவரை அங்கே சட்டமாகவில்லை. 1993இல் வந்த குடும்ப விடுப்புச் சட்டம் பிரசவத்துக்கு 12 வாரம் தருகிறது, சம்பளம் இல்லாமல், சிறு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு அதுவும் இல்லாமல். இரண்டு பேர் உழைத்தும் முடியவில்லை என்று சொல்லும் அந்தப் பேரன் பேத்திகள் மாதாமாதம் காப்பகத்துக்குக் கட்டும் பெருந்தொகையில், 1971இல் எடுத்த அந்த முடிவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.